தேவையும் அனுபவமும் வடிவமும்: கொழும்பு நகர வீடமைப்பு வரலாற்றில் ஒரு நோக்கு

கணினித்துறை சார்ந்த பாடநெறிகளைப் பயிலும் எமது மாணவர்கள் இன்று மூன்று சொற்றொடர்களை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். ‘தேவைப் பொறியியல்’ என்பது ஒன்று. ‘பயனர் அனுபவம்’ என்பது இன்னொன்று. ‘வடிவமைப்புச் சிந்தனை’ என்பது மூன்றாவது. ஒரு முறைமையை ஆக்குவதற்கு முன்னர் அது எவற்றைச் செய்தல் வேண்டும் என விசாரித்து, முரண்பாடுகளைத் தீர்த்து, ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைத்தலை முதலாவது குறிக்கும். அம்முறைமையோடு பழகும் மனிதர் பெறும் இலகுவையும் இடரையும் கவனத்திற் கொள்வது இரண்டாவது. பிரச்சினை யாது என்பதை முற்கூட்டியே முடிவு செய்துவிடாது, பயன்படுத்துவோரோடு இருந்து நோக்கி, மாதிரிகளைச் செய்து பார்த்து, பிழை கண்டு திருத்திச் செல்லும் போக்கு மூன்றாவது. இம்மூன்றும் தனித்தனியே வளர்ந்தவை. இவற்றை ஒன்றிணைப்பது எவ்வாறு என்பது அத்துறையினரிடையே பெரிதும் ஆராயப்படும் வினாவாகும்.

இவ்வினா கணினிக்கே உரியதொன்று எனக் கருதுவது பொருந்தாது. வீடு கட்டுவோரும் நகரம் வகுப்போரும் இதனை நெடுங்காலமாக எதிர்கொண்டு வந்துள்ளனர். கொழும்பு மாநகரின் வறியோர் வாழ்ந்த தோட்டங்களிலும் குடிசைகளிலும் 1980களில் நடைபெற்ற ஒரு முயற்சி, இம்மூன்றையும் ஓரளவுக்கேனும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டியது. அம்முயற்சியின் பின்னணியையும் முறையையும் குறைகளையும், அது கைவிடப்பட்டதன் விளைவையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூற்று நாற்பத்தொரு தேவைகள்

முதலில் இத்துறைகளுக்கும் கட்டடக்கலைக்கும் உள்ள உறவைச் சுருக்கமாக நோக்குதல் தகும். கிறிஸ்தோபர் அலெக்சாண்டர் என்னும் கட்டடக்கலைஞர் 1964 இல் வெளியிட்ட தமது நூலில், குஜராத்திலுள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவ்வூர் நிறைவேற்ற வேண்டிய 141 தேவைகளைப் பட்டியலிட்டார். கால்நடைகளுக்கான வசதி, நீர்ப்பாசனம் முதலியவற்றோடு, இறந்தோரை உரியமுறையில் அடக்கஞ் செய்தல் போன்ற தேவைகளும் அப்பட்டியலில் இடம்பெற்றன. அத்தேவைகளுள் எவை எவற்றோடு பிணைந்துள்ளன என்பதைக் கணித முறையால் ஆராய்ந்து, அவற்றைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஏற்ற வடிவத்தை அவர் தேடினார். பிற்காலத்தில் மென்பொருளாளர் தேவைகளைத் தொகுத்துப் பகுக்கக் கையாண்ட முறைகளுக்கு இது முன்னோடி எனலாம்.

ஆயினும், 1971 இல் அந்நூலின் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில், ‘வடிவமைப்பு முறையியல்’ எனத் தனியொரு துறை வளர்ந்து வருவதை அலெக்சாண்டரே கண்டித்தார். வடிவமைக்கும் தொழிலிலிருந்து முறையைப் பிரித்தெடுத்து ஆராய்வது பயனற்றது என்பது அவர் கண்ட முடிவு. 1973 இல் ஹோர்ஸ்ட் றிட்டெல், மெல்வின் வெப்பர் ஆகிய இருவரும் நகரத் திட்டமிடலின் பிரச்சினைகள் இறுதியாக வரையறுக்கப்பட முடியாதவை என வாதிட்டனர். ஒரு தீர்வைச் செய்து பார்க்கும்போதே பிரச்சினையின் உண்மையான உருவம் வெளிப்படும் என்பது அவர்கள் கருத்து. ‘வடிவமைப்புச் சிந்தனை’ என்பதைத் தலைப்பாகக் கொண்டு 1987 இல் பீற்றர் றோ எழுதிய நூலும் கட்டடக்கலைஞரையும் நகரத் திட்டமிடுவோரையும் பற்றியதே. கணினித்துறையின் தேவைப் பொறியியலாளர் தமக்கெனத் தனியான சர்வதேச மாநாடு கூட்டியதும், டொனால்ட் நோர்மன் ‘பயனர் அனுபவம்’ என்ற தொடரை ஆப்பிள் நிறுவனத்தில் வழக்குக்குக் கொண்டுவந்ததும் 1993 அளவிலாகும். பட்டியலின் பலமும் பலவீனமும் வீட்டையும் நகரையும் குறித்து அதற்கு முன்னரே உணரப்பட்டிருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

வடகொழும்பின் தோட்டங்கள்

கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1885 இல் தென்மேற்கு அணை நிறைவேறியபின், துறைமுகத்தையும் பண்டகசாலைகளையும் நம்பித் தொழிலாளர் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய பகுதிகளில் விசாலமான வளவுகளில் வாழ்ந்த செல்வர்கள் காலப்போக்கிற் கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. வளவுகளிலே நிரை நிரையாக ஒற்றை அறைகள் எழுந்தன. பொதுக் குழாயும் பொது மலசலகூடமும் கொண்ட இவ்வரிசைகளே ‘தோட்டம்’ என்றும் ‘முடுக்கு’ என்றும் இன்றுவரை வழங்கப்படுகின்றன. பெயரில் மாத்திரம் தோட்டம் எஞ்சிற்று. இவை தவிர, கால்வாய்க் கரைகளிலும் புகையிரதப் பாதையோரங்களிலும் அரச நிலங்களிலும் பலகையாலும் தகரத்தாலும் அமைந்த குடிசைகள் பின்னர் பெருகின.

நகரின் தென்பாகத்திலுள்ள வெள்ளவத்தை வேறொரு வகையில் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு தொடங்கிய நூற்றல், நெசவு ஆலை தொழிலாளரை ஈர்த்தது. அரசாங்க உத்தியோகம் பெற்று வந்த யாழ்ப்பாணத்தவர் காலி வீதிக்கு இருமருங்குமுள்ள ஒழுங்கைகளில் வீடெடுத்து வாழ்ந்தனர். கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் கொழும்புத் தமிழரின் இரு துருவங்கள் என்று கூறத்தகும். துறைமுகத்தையும் புறக்கோட்டை வணிகத்தையும் சார்ந்தது முன்னையது. அலுவலகத்தைச் சார்ந்தது பின்னையது.

அளவுகோலின் ஆட்சி

வறியோர் குடியிருப்புப் பற்றி ஆட்சியாளர் முதலிற் கொண்டது சுகாதார நோக்காகும். 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் ஒளி, காற்று, வீதியகலம், அறையளவு முதலியன பற்றி விதிகளை வகுத்தது. கொள்ளைநோய் பரவிய காலத்தில் இவ்விதிகள் அவசியமானவையே. எனினும் தேவை என்பது மேலிருந்து அளந்து தரப்படும் அளவு என்னும் கருத்து இதனோடு வேரூன்றியது. அளவுக்குள் அடங்காத வீடு சட்டத்துக்குப் புறம்பான வீடாயிற்று. அதில் வாழ்வோருக்கு ‘எது வேண்டும்’ என்ற வினா எழுப்பப்படவில்லை.

இதற்கு மாறான குரலும் அக்காலத்திலேயே ஒலித்தது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த பற்றிக் கெடிஸ் 1914–15 இல் சென்னை மாகாண நகரங்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதியவர். 1921 இல் கொழும்புக்கும் ஒரு நகரத் திட்டத்தை அளித்தவர். நோயாளியைச் சோதித்த பின்னரே வைத்தியம் செய்வதுபோல, நகரை நேரிற் கண்டு ஆராய்ந்த பின்னரே திட்டம் தீட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. நெருக்கமான தெருவை இடித்து நேராக்குவதிலும், இங்கொரு சிதைந்த வீட்டை அகற்றி அங்கொரு சிறு வெளியை உண்டாக்கிக் குடிகளை அவ்விடத்திலேயே வாழவிடுவது மேல் என்று அவர் வற்புறுத்தினார். கொழும்பு அவரிடமிருந்து ‘கீழைத்தேயத்தின் பூங்கா நகரம்’ என்ற கனவைப் பெற்றுக்கொண்டது. நடந்து பார்க்கும் பழக்கத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை.

சுதந்திரத்தின் பின் 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் 1973 ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் தோட்டங்களின் நிலையை மாற்றின. பல அறை வரிசைகள் பழைய உடைமையாளரிடமிருந்து நீங்கின. நகர அபிவிருத்தி அதிகாரசபை 1978 இலும், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை 1979 இலும் தோன்றின. 1978 இல் ஆரம்பமான நூறாயிரம் வீடுகள் திட்டத்தின்கீழ் அரசு நகரங்களில் நேரடியாக வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. தேவையின் தொகையோடு ஒப்பிடுமிடத்து அவை மிகச் சில. செலவோ மிக அதிகம். 1980களின் தொடக்கத்தில் மாநகரக் குடிகளுள் ஏறத்தாழ அரைவாசியினர் தோட்டங்களிலும் குடிசைகளிலும் வாழ்ந்தனர் என மதிப்பிடப்பட்டது. அத்தனை பேருக்கும் அரசே வீடு கட்டி முடிப்பது இயலாத காரியம் என்பது தெளிவாயிற்று.

பத்து இலட்சம் வீடுகள்

இப்பின்னணியிலேயே 1984 இல் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் தொடங்கியது. அப்போது பிரதமராகவும் வீடமைப்பு அமைச்சராகவும் விளங்கிய ஆர். பிரேமதாச கொழும்பு வாழைத்தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர். வீடற்றோருக்கென ஒரு சர்வதேச ஆண்டு வேண்டுமென 1980 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்தவரும் அவரே. 1987 அவ்வாண்டாகக் கொள்ளப்பட்டது. வீட்டைக் கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு, அதற்குத் துணை நிற்பது அரசின் பொறுப்பு என்பது புதிய திட்டத்தின் அடிப்படைக் கொள்கையாகும். அரசின் தலையீடு இயன்றளவு குறைவாகவும், ஆதரவு இயன்றளவு மிகுதியாகவும் இருத்தல் வேண்டும் என அதிகாரிகள் இதனை விளக்கினர். வறியோர் தமக்கெனக் கட்டும் வீடுகளிற் காணப்படும் அறிவை வலியுறுத்திய ஜோன் ரேணர் என்பாரின் எழுத்துகள் இக்கொள்கையிற் செல்வாக்குச் செலுத்தின.

கொள்கையிலும் எமது ஆய்வுக்கு முக்கியமானது முறையே. 1979 முதல் மாநகரசபை யுனிசெப் நிறுவனத்தின் உதவியோடு தோட்டங்களிற் குழாய்களும் மலசலகூடங்களும் அமைத்து வந்தபோது, குடியிருப்பாளரைக் கொண்ட சமூக அபிவிருத்திச் சபைகள் உருவாக்கப்பட்டிருந்தன. அவற்றை அடித்தளமாகக் கொண்டு, மசச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த றைன்ஹாட் கெதர்ட், நபீல் ஹம்டி ஆகியோரின் ஒத்துழைப்புடன், வீடமைப்பு அதிகாரசபையினர் ‘சமூகச் செயற்பாட்டுத் திட்டமிடல்’ என்னும் முறையை உருவாக்கினர். குடியிருப்பாளரும் அதிகாரிகளும் இரண்டு நாட்கள் குடியிருப்பிலேயே ஒன்றுகூடுவர். குடியிருப்பை ஒருங்கே நடந்து பார்ப்பர். சிறு குழுக்களாகப் பிரிந்து தத்தம் பிரச்சினைகளைப் பட்டியலிடுவர். பட்டியல்களை ஒப்பிட்டு முதன்மையானவற்றைத் தெரிவர். எதனை யார், எப்போது செய்வது என்பதை அவ்விடத்திலேயே எழுதி முடிப்பர். கிறான்ட்பாஸை அடுத்த நவகம்புர என்னும் குடியிருப்பு இம்முறை கையாளப்பட்ட இடங்களுள் ஒன்றாகும்.

இதன் சிறப்பு நிலம் பகுத்தலில் நன்கு வெளிப்பட்டது. சாதாரண விதியின்படி ஒரு காணித்துண்டு குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச் இருத்தல் வேண்டும். குடிசைப் பகுதிகளில் அவ்விதியை நடைமுறைப்படுத்தினால் மூன்று குடும்பங்களுள் இரண்டு வெளியேற வேண்டியிருக்கும். ஆகவே இப்பகுதிகள் விசேட கருத்திட்டப் பிரதேசங்களாகக் கொள்ளப்பட்டு, 50 சதுர மீற்றரான இரண்டு பேர்ச் போதுமெனத் தளர்த்தப்பட்டது. அதன்பின் கயிறும் முளையும் கொண்டு நிலத்திலேயே எல்லைகள் குறிக்கப்பட்டன. பாதைக்கு எவ்வளவு விடுவது, எவருடைய சுவர் எங்கே நிற்பது என்பன அயலவர் முன்னிலையிற் பேசித் தீர்க்கப்பட்டன. கூரையின் நீர் எப்பக்கம் விழுவது, பக்கத்து வீட்டுச் சுவரில் யன்னல் வைக்கலாமா என்பன போன்ற கட்டட விதிகளையும் குடியிருப்பாளர் தாமே கூடி வகுத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. கிணறு, வடிகால், சமூக மண்டபம் போன்ற சிறு வேலைகளை வெளிக் குத்தகைகாரருக்குக் கொடாது சமூக அபிவிருத்திச் சபைக்கே ஒப்பந்தமாக வழங்கும் வழக்கமும் இக்காலத்தில் உருவானது.

கணினித்துறை மாணவர் இங்கே ஒன்றை அவதானித்தல் வேண்டும். தேவைகளைத் திரட்டுதல், முரண்பட்ட தேவைகளைப் பேசித் தீர்த்தல், தீர்த்தவற்றை எழுதிக் கையொப்பமிடுதல் ஆகிய தேவைப் பொறியியலின் படிகள் யாவும் இம்முறையில் உள. குடியிருப்பை நடந்து பார்த்தலாற் பயனர் அனுபவம் ஆராயப்பட்டது. கயிறு கட்டிப் பார்த்து மாற்றியமைத்தலால் மாதிரி செய்து திருத்தும் வடிவமைப்புச் சிந்தனையும் இடம்பெற்றது. இவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்த படிகள் அல்ல. முளையை நட்ட பின்னரே, ‘இந்த வழியாலேதான் தண்ணீர் வண்டி வரவேண்டும்’ என்ற தேவை ஒருவருக்கு நினைவுக்கு வரக்கூடும். பட்டியலை முதலில் முடித்து, வடிவத்தை அடுத்து வரைந்து, அனுபவத்தை இறுதியிற் சோதிப்பதாயின் அத்தேவை காலங்கடந்தே தெரியவரும்.

பட்டியலில் இடம்பெறாதவை

இம்முயற்சியைக் குறையற்றதெனப் போற்றுவது வரலாற்று நோக்காகாது. கடன் தொகை சிறியது. அதனை அறவிடுவதிலும் அரசு பெரிதும் தோல்வியுற்றது. அரசியற் செல்வாக்கு இடையே புகுந்தது. திட்டம் 1989 வரை நீடித்து, 1990 முதல் பதினைந்து இலட்சம் வீடுகள் திட்டமாக விரிந்ததாயினும், 1993 இல் பிரேமதாச கொல்லப்பட்டபின் அதன் வேகம் தணிந்தது. ஒரு தலைவரின் ஆர்வத்திற் பெரிதும் தங்கியிருந்த முறை, நிறுவனத்தின் வழக்கமாக ஆழ வேரூன்றவில்லை.

இவற்றிலும் ஆழமான குறையொன்று உண்டு. திட்டம் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர், 1983 யூலையில், கொழும்புத் தமிழர்மீது பெரும் வன்செயல் கட்டவிழ்த்து விடப்பட்டது. வெள்ளவத்தையிலும் ஏனைய பகுதிகளிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. தமிழர் வீடுகளை அடையாளங் காண்பதற்கு வாக்காளர் இடாப்புகள் பயன்பட்டமை பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. வீட்டின் முதலாவது தேவை அதில் அச்சமின்றி உறங்குதல். ஒளிக்கும் காற்றுக்கும் வகுக்கப்பட்ட விதிகள் எதிலும் இத்தேவை இடம்பெறவில்லை. மேலும், பட்டியல் என்பது தன்னளவில் நன்மையானதன்று என்பதையும் அந்நிகழ்வு உணர்த்திற்று. குடும்பத்தின் பெயர் ஓர் இடாப்பில் இருந்தால் அதற்குக் காணித்துண்டு கிடைக்கலாம். வேறோர் இடாப்பில் இருந்தால் உயிருக்கே தீங்கு நேரலாம். எவருக்காக, எவரின் கையில் பட்டியல் இருக்கின்றது என்பதே முக்கியமாகும்.

மொழியும் அத்தகைய தேவையே. 1956 இல் சிங்களம் மாத்திரம் ஆட்சிமொழியாயிற்று. தமிழும் ஆட்சிமொழியாகும் என்பது 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தினாலேயே அரசியலமைப்பில் இடம்பெற்றது. வடகொழும்பின் தோட்டங்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்தே வாழ்கின்றனர். தன் மொழியில் எழுதப்படாத படிவத்திற் கையொப்பமிடுபவர் தம் தேவையைச் சொன்னவராகார். பிறர் சொன்னதற்கு இசைந்தவரே ஆவார். தேவையை விசாரிப்பதற்கு முதல் நிபந்தனை, விசாரிக்கப்படுபவரின் மொழியில் விசாரித்தலாகும்.

1983 இன் பின்னரும், சிறப்பாக 1990கள் தொட்டும், வடக்குக் கிழக்கிலிருந்து போரினால் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிற் செறிந்தன. புலம்பெயர்ந்த உறவினரின் பணத்துடன் தனியார் தொடர்மாடிகள் ஒழுங்கைதோறும் எழுந்தன. அங்கே கேட்கப்படாமலே தேவைகள் நிறைவேறின. தமிழயலும் கோயிலும் பாடசாலையும் அருகில் வேண்டும் என்பதை விலையே கட்டுநருக்கு உணர்த்தியது. பணமுள்ளவரின் தேவையைச் சந்தை செவிமடுக்கும். கொட்டாஞ்சேனைத் தோட்டத்தில் வாழ்பவருக்கு அத்தகைய குரல் இல்லை. அதனாலேயே, கேட்பதற்கென ஒரு முறை அவருக்குத் தேவைப்படுகின்றது.

மீண்டும் மேலிருந்து

2001 இல் மாநகரசபையும் செவனத்த நிறுவனமும் நடத்திய கணக்கெடுப்பு, மாநகரில் 1,614 வறிய குடியிருப்புகளும் அவற்றில் 77,612 குடும்பங்களும் உள்ளன எனக் காட்டிற்று. அவற்றுட் பெரும்பாலானவை ஐம்பது குடும்பங்களுக்குக் குறைந்த சிறு குடியிருப்புகள். அவ்வாண்டிலேயே பொரளைக்கு அண்மையில் சகஸ்புர என்னும் 14 மாடித் தொடர்மாடி 671 வீடுகளுடன் திறக்கப்பட்டது. வறியோர் வாழும் விலைமிக்க நிலத்தை விடுவித்து, அவர்களை மேல்நோக்கி அடுக்குவது என்ற புதிய கொள்கையின் அடையாளம் அதுவாகும். 2010 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டபின், நகர மீளுருவாக்கத் திட்டம் அக்கொள்கையை மிகப் பெருமளவிற் செயற்படுத்தியது. வனாத்தமுல்லை, தெமட்டகொடை, மட்டக்குளி முதலிய இடங்களில் உயர்ந்த மாடிகள் எழுந்தன.

இம்மாடிகளின் நன்மைகளை மறுத்தலாகாது. வெள்ளம் ஏறாத தளம், தனிக் குழாய், தனி மலசலகூடம் ஆகியன தலைமுறை தலைமுறையாகப் பலர் வேண்டி நின்றவை. எழுதப்பட்ட தேவைகள் பெரும்பாலும் நிறைவேறின என்றே கூறவேண்டும். ஆயினும் ஏறத்தாழ 400 முதல் 500 சதுர அடி கொண்ட ஒரே அச்சு வீட்டில், நான்கு பேர் கொண்ட குடும்பமும் மூன்று தலைமுறைகள் சேர்ந்த குடும்பமும் ஒன்றுபோலவே வைக்கப்பட்டன. மின்தூக்கி பழுதடைவது, வீட்டு வாசலில் நடந்த சிறுவியாபாரம் நின்றுபோவது, பழகிய அயல் கலைவது ஆகியவற்றை ஆய்வாளர்களும் பத்திரிகைகளும் எடுத்துக்காட்டியுள்ளனர். நிலமட்டத்தில் வடை சுட்டு விற்பவருக்கு வாசல் ஒரு கடை. தள்ளுவண்டிக்காரருக்கு முடுக்கு ஒரு தரிப்பிடம். மரணவீட்டுக்கு வருவோர் எங்கே அமர்வது, சவப்பெட்டியை ஒடுங்கிய படிகளால் எவ்வாறு இறக்குவது என்பனவும் வீடமைப்பின் வினாக்களே. இறந்தோரைப் பற்றிய தேவையை அலெக்சாண்டர் 1964 இலேயே தம் பட்டியலிற் சேர்த்திருந்தமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு முடிவுகள் பெறப்படும். தேவை, அனுபவம், வடிவம் ஆகியவற்றை மூன்று அலுவலர் மூன்று மேசைகளில் வைத்து ஆராய்வதால் அவை ஒன்றிணையா. பயன்படுத்துபவர் இருக்கும் இடத்திலே, அவர் மொழியிலே, அவர் மாற்றக்கூடிய மாதிரியொன்றை முன்வைத்துப் பேசும்போதே அவை ஒன்றாகின்றன. 1980களின் கொழும்பு அனுபவம் குறைகளுடனேனும் இதனை மெய்ப்பித்தது. இரண்டாவது, கேட்டல் என்பது முறைமட்டுமன்று, அதிகாரப் பகிர்வுமாகும். குடியிருப்பாளர் சொன்னதன்படி முளை பெயர்க்கப்பட்டதனாலேயே அக்கூட்டங்கள் பொருள் பெற்றன. வரைபடம் முடிவான பின்னர் கருத்துக் கேட்பது உபசாரம் மாத்திரமே.

எமது மாணவர்களுட் பலர் நாளை வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் அரச திணைக்களங்களுக்கும் மென்பொருள் ஆக்குவர். சிலர் வீடுகளையும் நகரங்களையும் வகுப்பர். மானியம் பெறுபவரின் பெயரும், வீட்டுக்குத் தகுதியானவரின் பெயரும், பதிவிலிருந்து விடுபட்டவரின் இன்மையும் அவர்கள் ஆக்கும் முறைமைகளிலேயே தீர்மானிக்கப்படும். அவர்களுக்கு வேண்டிய முன்மாதிரிகளுட் சில பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் ஏறிச் செல்லும் தூரத்திலேயே, வடகொழும்பின் இரண்டு பேர்ச் காணிகளில் உள்ளன. அக்காணிகளின் எல்லை எவ்வாறு குறிக்கப்பட்டது என்பதை அங்கு வாழும் முதியோரிடம் சென்று கேட்டறிதல், எந்தப் பாடநூலுக்கும் குறையாத பயிற்சியாகும்.